எதற்கு அஞ்சுவது, எவ்வளவு அஞ்சுவது?

நோயாளிகளுக்கும் உடனிருந்து பேணுவோருக்கும் ஒரு பாடம்

புறநோயாளர் பிரிவில் அடிக்கடி நிகழும் உரையாடல் இது. ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் வந்து அமர்கிறார். செவிலியர் கையில் பட்டையைச் சுற்றி இரத்த அழுத்தம் பார்க்கிறார். மேல் அளவு 180, கீழ் அளவு 110.

"மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா ஐயா?"

"மூணு மாசமா நிறுத்திட்டேன் சிஸ்டர். தொடர்ந்து போட்டா கிட்னி போயிடும்னு எங்க தெருவுல சொன்னாங்க. எனக்கு ஒண்ணும் பண்ணலையே, நல்லாத்தான் இருக்கேன்."

இவரை அறியாதவர் என்று ஒதுக்கிவிடுவது எளிது; அது முறையன்று. தம் உடலைப் பற்றி அக்கறை உள்ளவர்தாம் இவர். சிறுநீரகம் கெட்டுவிடுமோ என்று அஞ்சியே மாத்திரையை நிறுத்தினார். ஆனால் பக்கவாதத்தையும் மாரடைப்பையும் சிறுநீரகச் செயலிழப்பையும் கொண்டுவரக்கூடிய 180 என்ற எண்ணைக் கண்டு அவருக்கு அச்சம் எழவில்லை. அவற்றைத் தடுக்கும் சிறு மாத்திரையைக் கண்டு எழுந்தது. இது ஏன் நிகழ்கிறது? இந்த வினாவை உளவியலாளரும் மருத்துவரும் எழுபது ஆண்டுகளாக ஆராய்ந்து வருகின்றனர். அவர்கள் கண்டவற்றுள் நம் அன்றாட முடிவுகளுக்கு உதவக்கூடிய சிலவற்றை இப்பாடத்தில் காண்போம். படித்தவர், படியாதவர், மருத்துவர், நோயாளி என்ற வேறுபாடின்றி எல்லாருக்கும் இவை பொருந்தும்.

மனம் ஆபத்தை எப்படி அளக்கிறது?

ஓர் ஆபத்தின் அளவை அறிய எத்தனை பேருக்கு அது நேர்கிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். நம் மனம் அவ்வாறு எண்ணுவதில்லை. அமெரிக்க உளவியலாளர் பால் ஸ்லோவிக் 1987இல் வெளியிட்ட கட்டுரை, மக்கள் எவற்றைக் கொண்டு ஆபத்தை எடைபோடுகின்றனர் என்பதைத் தொகுத்துக் காட்டியது. நினைத்தாலே நடுங்கச் செய்வது, ஒரே நேரத்தில் பலரை மாய்ப்பது, நம் கட்டுப்பாட்டில் இல்லாதது, புதியது, கண்ணுக்குப் புலப்படாதது ஆகியவை பேராபத்தாகத் தோன்றுகின்றன. பழகியதும், நாமே விரும்பி மேற்கொள்வதும், மெல்ல மெல்லத் தீங்கு செய்வதும் சிறிதாகத் தோன்றுகின்றன. நாமாக ஏற்கும் ஆபத்தை, பிறர் நம்மீது சுமத்தும் ஆபத்தைவிடப் பன்மடங்கு பொறுத்துக்கொள்கிறோம் என்பதைச் சான்சி ஸ்டார் என்ற பொறியாளர் 1969ஆம் ஆண்டிலேயே சுட்டிக்காட்டியிருந்தார்.

இதன் விளைவு உயிர்ச்சேதமாகவும் முடியக்கூடும். 2001 செப்டம்பர் 11 அன்று அமெரிக்காவில் விமானங்கள் மோதவைக்கப்பட்ட பின்னர், விமானப் பயணத்துக்கு அஞ்சிப் பலர் தம் காரை எடுத்துக்கொண்டு நெடுஞ்சாலைகளில் சென்றனர். சாலைப் பயணமோ விமானப் பயணத்தைவிடப் பன்மடங்கு ஆபத்தானது. அடுத்த 12 மாதங்களில் இதனால் ஏறத்தாழ 1,500 பேர் கூடுதலாகச் சாலை விபத்துகளில் இறந்தனர் என்று ஜெர்மானிய உளவியலாளர் கெர்ட் கிகரென்சர் மதிப்பிட்டார். ஓர் ஆபத்திலிருந்து ஓடியவர்கள் அதனினும் பெரிய ஆபத்துக்குள் புகுந்தனர்.

இனி நம் புறநோயாளரை நினைத்துப் பாருங்கள். உயர் இரத்த அழுத்தம் வலிப்பதில்லை. ஒரே நாளில் எதுவும் செய்வதில்லை. நெடுநாள் பழகிய விருந்தாளிபோல் உடலுக்குள் இருக்கிறது. மாத்திரையோ வெளியிலிருந்து வந்தது. நாள்தோறும் கையிலெடுத்து விழுங்க வேண்டியது. பெயரே வாயில் நுழையாதது. மனத்தின் அளவுகோல் மாத்திரையைப் பெரிய ஆபத்தாகவும் நோயைச் சிறிய ஆபத்தாகவும் காட்டுவதில் வியப்பொன்றுமில்லை.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை

எளிதில் நினைவுக்கு வருவது அடிக்கடி நடப்பதாகத் தோன்றும். இது மனத்தின் மற்றோர் இயல்பு. நூறு பேர் நலமாக வீடு திரும்பியது செய்தியாகாது. ஒருவர் இறந்தது ஊரெல்லாம் பேசப்படும். அந்த ஒருவர் நமக்குத் தெரிந்தவராகவோ நாம் நேசிப்பவராகவோ இருந்துவிட்டால், அந்த ஒற்றை நிகழ்வு ஆயிரம் புள்ளிவிவரங்களை வென்றுவிடும்.

தமிழ்நாடு இதை 2021 ஏப்ரலில் நேரில் கண்டது. நடிகர் விவேக், மக்கள் தயக்கமின்றித் தடுப்பூசி செலுத்திக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே, ஏப்ரல் 15 அன்று சென்னையில் ஓர் அரசு மருத்துவமனையில் செய்தியாளர் முன்னிலையில் கொரோனா தடுப்பூசி செலுத்திக்கொண்டார். மறுநாள் மாரடைப்பால் நினைவிழந்தார். 17ஆம் நாள் விடியற்காலையில் மறைந்தார். அந்த இழப்பின் துயரோடு, "ஊசி போட்டதால்தான்" என்ற பேச்சும் வீடுதோறும் பரவியது. இதய இரத்தக்குழாயில் ஏற்பட்ட அடைப்பே காரணம் என்று மருத்துவர்கள் அன்றே கூறினர். தடுப்பூசிக்குப் பிந்தைய பாதக நிகழ்வுகளை ஆராயும் தேசியக் குழுவும் அவ்விறப்புக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பில்லை என்று அவ்வாண்டு அக்டோபரில் அறிவித்தது. ஆயினும் அந்த ஆறு மாத இடைவெளியில் அச்சம் தன் வேலையைச் செய்துவிட்டது. அப்போது கொரோனாவின் இரண்டாம் அலை எழுந்துகொண்டிருந்தது.

ஒரு நிகழ்வுக்குப் பின் இன்னொன்று நிகழ்ந்தால், முன்னதே பின்னதற்குக் காரணம் என்று மனம் முடிச்சுப் போடுகிறது. காக்கை உட்கார்ந்தபோது பனம்பழம் விழுந்தது. காக்கையின் எடையால் விழுந்தது என்று சொல்லிவிடுகிறோம். பழம் பழுத்து, காம்பு இற்று, விழுவதற்கு அணியமாக இருந்தது கண்ணில் படுவதில்லை. ஒவ்வொரு நாளும் பல்லாயிரம் பேருக்குத் தடுப்பூசி செலுத்தப்படும் காலத்தில், தடுப்பூசி இல்லாவிட்டாலும் அன்று மாரடைப்பு வந்திருக்கக்கூடிய சிலர் அந்தப் பல்லாயிரத்துள் இருந்தே தீர்வர். ஆகவே "ஊசிக்குப் பின் எத்தனை பேருக்கு வந்தது?" என்பது அரைக் கேள்வி. "ஊசி போடாத அதே எண்ணிக்கையினரில் எத்தனை பேருக்கு வந்தது?" என்பதையும் சேர்த்தால்தான் கேள்வி முழுமை பெறும்.

வதந்தி பரவும் வழியும் இதுவே. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் 9 மாதம் முதல் 15 வயது வரையுள்ள குழந்தைகளுக்குத் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் தொடங்கியபோது, வாட்ஸ்அப் குழுக்களில் வந்த செய்திகளை நம்பிப் பெற்றோர் பலர் தம் பிள்ளைகளுக்கு ஊசி வேண்டாம் என்றனர். அரசு இயக்கத்தின் காலத்தை நீட்டித்துப் பெற்றோரின் ஐயத்தைப் போக்க வேண்டியதாயிற்று. அந்தப் பெற்றோரும் தம் பிள்ளைகள்மீது கொண்ட அன்பினாலேயே மறுத்தனர் என்பதை மறத்தலாகாது.

மாத்திரையும் சிறுநீரகமும்

"பி.பி. மாத்திரை கிட்னியைக் கெடுக்கும்" என்ற நம்பிக்கைக்கும் ஒரு வேர் உண்டு. சிறுநீரகம் செயலிழந்தவரைப் பாருங்கள். அவர் பல ஆண்டுகளாக இரத்த அழுத்த மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் உட்கொண்டவராக இருப்பார். அக்கம்பக்கத்தார் கண்ணுக்குப் புலப்படுவது மாத்திரைப் பெட்டி. கண்ணுக்குப் புலப்படாதது, அந்த மாத்திரைகளைத் தேவையாக்கிய நோய். கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை நோயும் உயர் இரத்த அழுத்தமுமே நெடுநாள் சிறுநீரக நோய்க்கு முதன்மையான காரணங்கள். இரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைக்கும் மாத்திரைகள் சிறுநீரகத்தைக் காப்பனவே. அவற்றுள் சில, சர்க்கரை நோயாளியின் சிறுநீரகத்தைப் பாதுகாப்பதற்கென்றே தரப்படுகின்றன.

இங்கே ஓர் உண்மையையும் மறைக்காமல் கூற வேண்டும். சில இரத்த அழுத்த மாத்திரைகளைத் தொடங்கும்போது கிரியேட்டினின், பொட்டாசியம் ஆகியவற்றுக்கான இரத்தப் பரிசோதனை தேவைப்படும். அதற்காகவே மருத்துவர் மீண்டும் வரச் சொல்கிறார். மேலும், சிறுநீரகத்துக்கு மெய்யாகவே கேடு செய்யக்கூடிய மருந்துகள் உண்டு. மருத்துவர் சீட்டின்றிக் கடையில் வாங்கி மாதக்கணக்கில் உட்கொள்ளும் மூட்டுவலி மாத்திரைகள் அவற்றுள் முதன்மையானவை. அவை வலியைப் போக்கி உடனே இதம் தருவதால் அவற்றைக் கண்டு எவரும் அஞ்சுவதில்லை. அச்சம் இடம் மாறி நிற்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

இன்சுலின் பற்றிய அச்சமும் இத்தகையதே. "இன்சுலின் போட ஆரம்பித்தால் கடைசிக் கட்டம்" என்று அஞ்சிப் பலர் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடுகின்றனர். அந்த ஆண்டுகளில் கட்டுப்படாத சர்க்கரை கண்ணையும் காலையும் சிறுநீரகத்தையும் தாக்கிவிடுகிறது. பின்னர் வேறு வழியின்றி இன்சுலின் தொடங்கும்போது, கேடு முன்பே நேர்ந்திருக்கிறது. பார்ப்பவர் "ஊசி போட்டார், கண் போயிற்று" என்கின்றனர். அச்சம் தாமதத்தை உண்டாக்குகிறது. தாமதம் அச்சத்துக்குச் சான்றாகிவிடுகிறது.

"எனக்கு வராது"

அஞ்ச வேண்டாததற்கு அஞ்சுவது ஒருபுறம். அஞ்ச வேண்டியதற்கு அஞ்சாதிருப்பது மறுபுறம். 1980இல் நீல் வைன்ஸ்டைன் என்ற உளவியலாளர் மாணவர்களிடம் ஆய்வு செய்தபோது, தமக்குத் தீமை நேரும் வாய்ப்பு தம் தோழர்களைவிடக் குறைவு என்றே பெரும்பாலோர் கருதியது தெரியவந்தது. எல்லாரும் சராசரியைவிட நற்பேறு உடையவராக இருக்க இயலாது. புகைபிடிப்பவர், "தாத்தா தொண்ணூறு வயது வரை சுருட்டுப் பிடித்தார்" என்பார். நெஞ்சுவலி வந்தவர், "வாயுதான்" என்று சோடாவும் ஓமத் தண்ணீரும் குடித்து, உயிர்காக்கும் முதல் மணி நேரங்களை இழப்பார். நெஞ்சை அழுத்தும் வலி, வியர்வை, மூச்சுத் திணறல். முகம் ஒருபுறம் கோணுதல், கை தளர்தல், பேச்சுக் குழறுதல்: இவற்றுக்கு அஞ்சுவதே அறிவு. இவற்றுள் எது தோன்றினாலும் 108ஐ உடனே அழையுங்கள்.

நோய் தமக்கும் வரக்கூடும் என்ற உணர்வு செயலுக்கு எவ்வளவு இன்றியமையாதது என்பதைப் பழைய ஆய்வொன்று காட்டுகிறது. 1950களில் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை காசநோயைக் கண்டறிய எக்ஸ்ரே பரிசோதனையைக் கட்டணமின்றி மக்களின் இருப்பிடத்துக்கே கொண்டுசென்றது. ஆயினும் எதிர்பார்த்த அளவு மக்கள் வரவில்லை. காட்ஃப்ரே ஹோக்பாம் என்ற ஆய்வாளர் காரணத்தைத் தேடினார். "இந்நோய் எனக்கும் வரக்கூடும்", "முன்னரே கண்டறிந்தால் எனக்கு நன்மை உண்டு" என்ற இரு நம்பிக்கைகளும் உடையவர்களில் 100க்கு 82 பேர் தாமாக முன்வந்து ஒரு முறையேனும் எக்ஸ்ரே எடுத்திருந்தனர். இரண்டும் இல்லாதவர்களில் 21 பேரே எடுத்திருந்தனர். பரிசோதனை வாசலுக்கே வந்தாலும், அது தமக்கானது என்று தோன்றாதவரை கால்கள் நகர்வதில்லை.

எண்கள் செய்யும் மாயம்

மருத்துவச் செய்திகள் பெரும்பாலும் எண்களாக வருகின்றன. ஒரே உண்மையை எண்ணால் பெரிதாகவும் காட்டலாம், சிறிதாகவும் காட்டலாம்.

1995 அக்டோபரில் பிரிட்டனில், மருந்துப் பாதுகாப்புக் குழு ஓர் எச்சரிக்கை விடுத்தது: மூன்றாம் தலைமுறைக் கருத்தடை மாத்திரைகள் இரத்த உறைவு ஆபத்தை இரு மடங்காக்குகின்றன என்பது அதன் சாரம். "இரு மடங்கு" என்ற சொல் நாளேடுகளிலும் தொலைக்காட்சியிலும் முழங்கியது. பெண்கள் பலர் மாத்திரையை அப்படியே நிறுத்தினர். இரு மடங்கு என்பதன் பொருள் என்ன? பழைய மாத்திரையில் 7,000 பெண்களில் ஒருவருக்கு நேர்ந்த இரத்த உறைவு, புதிய மாத்திரையில் 7,000 பேரில் இருவருக்கு நேர்ந்தது. கூடிய ஆபத்து 7,000த்தில் ஒன்று. ஆனால் அந்த அச்சத்தின் பயனாக விரும்பாத கருவுறுதல்கள் பெருகி, அடுத்த ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறத்தாழ 13,000 கருக்கலைப்புகள் கூடுதலாக நிகழ்ந்தன என மதிப்பிடப்பட்டுள்ளது. கருவுற்றிருக்கும் காலத்தில் இரத்த உறைவு ஏற்படும் வாய்ப்பு அந்த மாத்திரையால் ஏற்படுவதைவிட மிகுதி என்பது இதில் வருந்தத்தக்க முரண். எச்சரிக்கையில் பொய் இல்லை. மடங்கைச் சொன்னவர்கள் எண்ணிக்கையைச் சொல்லத் தவறினர்.

சொல்லும் முறை மருத்துவர்களையும் அசைக்கிறது. 1982இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், நுரையீரல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சையா, கதிர்வீச்சா என்று தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். "அறுவை சிகிச்சைக்குப் பின் முதல் மாதத்தில் 100க்கு 90 பேர் உயிருடன் இருப்பர்" என்று கேட்ட மருத்துவர்களில் 84 விழுக்காட்டினர் அறுவை சிகிச்சையைத் தேர்ந்தனர். "முதல் மாதத்தில் 100க்கு 10 பேர் இறப்பர்" என்று கேட்டவர்களில் பாதிப் பேரே தேர்ந்தனர். இரண்டும் ஒரே செய்திதான். நோயைப் படித்துப் பட்டம் பெற்றவரே தடுமாறும் இடத்தில், இப்போதுதான் நோயின் பெயரைக் கேட்ட குடும்பம் தடுமாறுவதில் நாணத்தக்கது ஏதுமில்லை.

இதற்கு ஒரு கணக்குப் பயிற்சி. ஒரு மாத்திரை மாரடைப்பை 25 விழுக்காடு குறைக்கும் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த பத்தாண்டுகளில் மாரடைப்பு வரும் வாய்ப்பு 100க்கு 20 பேர் என்ற நிலையில் உள்ளவர்களுக்கு அது 15ஆகக் குறையும். நூற்றில் ஐவர் தப்புவர். 100க்கு 4 பேர் என்ற நிலையில் உள்ளவர்களுக்கு 3ஆகக் குறையும், ஒருவர் தப்புவார். விழுக்காடு ஒன்றே, நன்மை வேறு. அதனால்தான் ஒரே மாத்திரையை மருத்துவர் உங்களுக்கு வலியுறுத்தி, உங்கள் தம்பிக்கு "இப்போது வேண்டாம்" என்கிறார். அடுத்த வீட்டுக்காரரின் மருந்துச் சீட்டோடு உங்கள் சீட்டை ஒப்பிடுவதில் பயனில்லை.

எதிர்பார்த்தால் வரும் தொல்லை

மருந்தின் பக்க விளைவு பற்றிய அச்சம், அந்த விளைவையே உண்டாக்கக்கூடும். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரைகளால் உடல்வலி முதலிய தொல்லைகள் வந்து அவற்றை நிறுத்திவிட்ட 60 பேரை லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் ஆராய்ந்து, முடிவுகளை 2020இல் வெளியிட்டனர். ஒவ்வொருவருக்கும் ஓராண்டுக்கு மாதம் ஒரு குப்பியாகப் பன்னிரண்டு குப்பிகள்: நான்கில் மெய்யான மாத்திரை, நான்கில் அதேபோன்ற வெற்று மாத்திரை, நான்கு காலிக் குப்பிகள். எந்த மாத்திரை மெய்யானது என்று அவர்களுக்குத் தெரியாது. மாத்திரை இல்லாத மாதங்களில் தொல்லை குறைந்திருந்தது. மெய்யான மாத்திரை உட்கொண்ட மாதங்களில் கூடியது. வெற்று மாத்திரை உட்கொண்ட மாதங்களிலும் ஏறத்தாழ அதே அளவு கூடியது. மெய்யான மாத்திரையால் வந்ததாகக் கருதிய தொல்லையில் பத்தில் ஒன்பது பங்கு, வெற்று மாத்திரையாலும் வந்தது.

அந்த வலி பொய்யன்று. நோயாளி நடிக்கவும் இல்லை. வலியை அவர் மெய்யாகவே உணர்ந்தார். வலிக்குக் காரணம் மாத்திரைக்குள் இருந்த மருந்து அன்று, மாத்திரை உட்கொள்கிறோம் என்ற எதிர்பார்ப்பு என்பதே ஆய்வு காட்டியது. தம் முடிவுகளைத் தாமே கண்ட பின்னர் அவர்களில் பாதிப் பேர் மீண்டும் ஸ்டேட்டின் உட்கொள்ளத் தொடங்கினர். எல்லாப் பக்க விளைவும் எதிர்பார்ப்பினால் வருவது என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. தொல்லை எதுவாயினும் மருத்துவரிடம் கூறுங்கள். அளவைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம். நீங்களாக நிறுத்துவது மட்டும் வேண்டாம். சில இரத்த அழுத்த மாத்திரைகளைத் திடீரென நிறுத்தினால் அழுத்தம் முன்னிலும் மிகையாக எகிறும்.

அச்சுறுத்தினால் மட்டும் போதுமா?

மக்களைத் திருத்த அவர்களை அச்சுறுத்த வேண்டும் என்பது பழைய எண்ணம். அது பாதி உண்மை. 1965இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஹவார்டு லெவெந்தால் என்பவரும் உடன் ஆய்வாளர்களும், டெட்டனஸ் தடுப்பூசி பற்றிய கையேடுகளை மாணவர்களுக்கு வழங்கினர். சிலருக்கு நடுங்கவைக்கும் படங்களுடன் கூடிய கையேடு. சிலருக்கு மென்மையான கையேடு. அச்சமூட்டும் கையேட்டைப் படித்தவர்கள் ஊசி போட்டுக்கொள்ளும் விருப்பத்தை மிகுதியாகத் தெரிவித்தனர். ஆனால் மெய்யாகவே போட்டுக்கொண்டவர் 100க்கு 3 பேர் அளவினரே. ஊசி போடும் இடத்தைக் குறித்த வரைபடத்தையும், எப்போது போகப் போகிறீர்கள் என்று திட்டமிடும்படி ஒரு வேண்டுகோளையும் சேர்த்துக் கொடுத்தபோது 28 பேர் சென்றனர். அந்த இடம் எங்கே இருக்கிறது என்பது மாணவர்கள் முன்பே அறிந்ததுதான். அச்சம் மனத்தைத் தட்டி எழுப்பியது. வழியும் நேரமும் தெளிவானபோதுதான் கால்கள் நடந்தன.

வழி காட்டாத அச்சம் தீங்கும் செய்யும். ஆபத்து பெரிது, நம்மால் ஆவது ஒன்றுமில்லை என்று தோன்றினால் மனிதர் ஆபத்தை விட்டுவிட்டு அச்சத்தையே விலக்க முயல்வர் என்று கிம் விட்டே என்ற அமெரிக்க ஆய்வாளர் 1992இல் விளக்கினார். பரிசோதனை முடிவைப் பிரித்துப் பார்க்காமலே வைத்திருப்பதும், மருத்துவமனைப் பக்கமே வராதிருப்பதும், "எல்லாம் தலையெழுத்து" என்று விட்டுவிடுவதும் இதன் வடிவங்கள்.

இந்தியாவில் 2016 ஏப்ரல் முதல் புகையிலைப் பொருள்களின் உறையில் 85 விழுக்காட்டுப் பரப்பில் எச்சரிக்கைப் படம் இடம்பெறுகிறது. 2016-17இல் நாடு முழுவதும் எடுத்த கணக்கெடுப்பில், சிகரெட் பிடிப்போரில் 62 விழுக்காட்டினர் அந்த எச்சரிக்கையைக் கண்டு விட்டுவிட எண்ணியதாகக் கூறினர். எண்ணுவதற்கும் விடுவதற்கும் இடையே ஒரு பாலம் தேவை. அதற்காகவே பின்னர் உறையிலேயே 1800-11-2356 என்ற கட்டணமில்லா உதவி எண்ணும் சேர்க்கப்பட்டது. அச்சமூட்டும் படத்தின் அருகே வழிகாட்டும் எண் இருப்பது பொருத்தமானது.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

ஆபத்தைப் பற்றியோ சிகிச்சையைப் பற்றியோ ஒரு செய்தியைக் கேட்கும்போது பின்வரும் வினாக்களைக் கேட்டு, விடைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். இவ்வாறு கேட்பது மருத்துவரை ஐயுறுவதாகாது.

1. என்னைப் போன்ற 100 பேரில் எத்தனை பேருக்கு இது நேரும்? எத்தனை ஆண்டுகளில்?
2. இந்தச் சிகிச்சையை மேற்கொண்டால் அந்த எண்ணிக்கை எத்தனையாகும்?
3. சிகிச்சையால் எத்தனை பேருக்குத் தொல்லை வரும்? அது எத்தகையது?
4. ஒன்றும் செய்யாமல் காத்திருந்தால் என்ன ஆகும்?
5. எந்த அறிகுறி தோன்றினால் உடனே வர வேண்டும்?
6. நாளை காலை முதல் நான் செய்ய வேண்டியது என்ன?

இறுதியில், நீங்கள் புரிந்துகொண்டதை உங்கள் சொற்களில் மருத்துவரிடமோ செவிலியரிடமோ திருப்பிச் சொல்லுங்கள். பிழையிருந்தால் அங்கேயே திருத்திக்கொள்ளலாம்.

கைப்பேசியில் வரும் செய்திக்கும் மூன்று வினாக்கள் உண்டு. இதைச் சொன்னவர் யார்? எத்தனை பேரில் எத்தனை பேருக்கு நேர்ந்தது? இது என்னை என்ன செய்யச் சொல்கிறது? மூன்றாவது வினாவுக்கு விடை "உன் மருந்தை நிறுத்து" என்பதாக இருந்தால், மருந்தை நிறுத்தும் முன் மருத்துவமனைக்கு ஒரு முறை பேசிவிடுங்கள்.

உடனிருந்து பேணுவோருக்கு

திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் நிறைவில் மருத்துவத்துக்கு நான்கு கூறுகளைச் சொல்கிறார்: நோயுற்றவர், மருத்துவர், மருந்து, மருந்தை உடனிருந்து கொடுப்பவர். நான்காமவரின் பொறுப்பு சிறிதன்று. நோயாளி மருத்துவரோடு இருப்பது சில நிமிடங்கள். உங்களோடு இருப்பது ஆண்டு முழுதும்.

மாத்திரையை மறுக்கும் தந்தையை, "சொன்னாக் கேக்க மாட்டீங்க, படுத்துக்கிட்டா யாரு பாக்குறது?" என்று கடிந்தால், அவர் அடுத்த முறை மாத்திரையை மறைத்துவிட்டுப் போட்டுவிட்டதாகக் கூறுவார். "மாத்திரையில உங்களுக்கு எது பயமா இருக்கு அப்பா?" என்று கேட்டால், அவர் அச்சத்தின் வேர் தெரியும். அந்த வேரை அறிந்துகொண்டு, அடுத்த முறை அவரையும் அழைத்துக்கொண்டு வந்து, அதையே எங்களிடம் சொல்லுங்கள். மாத்திரையைக் காலைக் காப்பிக்குப் பின் என்று ஒரு வேளையோடு இணைத்து வையுங்கள். வரைபடமும் நேரமும் யேல் மாணவர்களுக்குச் செய்ததை இந்தச் சிறு ஏற்பாடு உங்கள் வீட்டில் செய்யும்.

தொடக்கத்தில் கண்ட புறநோயாளரிடம் திரும்புவோம். அவருக்குத் தேவைப்பட்டது அதட்டல் அன்று. "உங்கள் சிறுநீரகத்தைக் காக்க வேண்டும் என்று நீங்கள் நினைப்பது சரி; எங்கள் நோக்கமும் அதுவே" என்று தொடங்க வேண்டும். பின்னர் அழுத்தம் சிறுநீரகத்தின் நுண்ணிய இரத்தக்குழாய்களை எவ்வாறு சிதைக்கிறது என்று விளக்க வேண்டும். கிரியேட்டினின் பரிசோதனை எழுதித் தந்து, முடிவை அவர் கையிலேயே கொடுத்து, மூன்று மாதம் கழித்து மீண்டும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டும். தெருவில் சொன்ன சொல்லுக்கு மாற்றாக, அவர் தம் கண்ணால் காணும் தம் எண் அவரிடம் இருக்கும். அதற்குப் பின்னும் அவருக்கு அச்சம் எஞ்சலாம். அதையும் மறைக்காமல் எங்களிடம் சொல்லும் அளவுக்கு அவருக்கு எங்கள்மேல் நம்பிக்கை வருமானால், சிகிச்சையின் கடினமான பகுதி கடந்துவிட்டது என்றே கொள்வோம்.